ஒளியேடும் மஞ்சள் கயிறும்

ஆடிப் பதினெட்டன்று காலை, நொய்யலின் அடியில் கிடந்த கூழாங்கற்கள் கரையில் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. அடேயப்பா! சாயப்பட்டறைகள் எந்தச் சாயம் முக்கினவோ அந்த நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு அது. இன்று மீன் குதிக்கிறது. பூத்தட்டோடு வந்த பெண்கள் பூவை மறந்து ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் ஒளியேடு செய்த வேலை. யூரியாவைச் சூளையில் சுட்டு எடுத்த மெல்லிய தாள். அதன்மேல் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்த, மூன்றே அணு கனமுள்ள இன்னொரு தாள். வெயில் பட்டால் உள்ளே மின்னணுக்கள் துள்ளி எழும், தண்ணீரில் இருக்கும் சாயத்தை அடித்து நொறுக்கும். முன்பு அந்த மின்னணுக்களைப் பிடித்து வேலை வாங்கப் பிளாட்டினம் வேண்டியிருந்தது. எந்தப் பட்டறைக்காரர் பிளாட்டினத்துக்குப் போவார்? ஒளியேடோ அப்பளத்தைவிட மலிவு. ஊரே ஏடுகளை மிதவையில் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவள் திலோத்தமை. ஆற்றைக் கெடுத்ததற்காக ஊரின் சாயப்பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவள் கணவர் குழந்தைவேலின் பட்டறையும்தான். ஆறு தெளிந்ததால் இன்று பூட்டு திறந்தது. விடிந்ததும் ஆற்றுத் தண்ணீரிலேயே சாயம் முக்கி எடுத்த சிவப்புத் துணி கொடியில் காய்கிறது. மதியம் வியாபாரி வந்து பார்த்துத் தலையாட்டினால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டுப் பூவாத்தா புது மஞ்சள் கயிற்றை ஆற்றில் நனைத்துத் திலோத்தமையின் கழுத்தில் கட்டிவிட்டாள். பிறகு மடியிலிருந்து ஏதோ ஒரு பிடி அள்ளி ஆற்றில் தூவிக் கும்பிட்டாள்.

"என்னங்கக்கா போடறீங்க?"

"உன்ற ஏடுதான் அம்மிணி. கிழிஞ்சு போனதை இடிச்சுப் பொடி பண்ணி ஆத்தாளுக்கே விட்டர்றோம். அவளைக் காப்பாத்துனதாச்சே, குப்பையில வீசுனா பாவமில்ல? ஊருல எல்லாரும் அப்படித்தான் பண்றோம். உனக்குத் தெரியாதாக்கும்?"

பழைய ஏடுகளை எண்ணி வாங்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும், திலோத்தமைக்கும்கூட, தோன்றியதே இல்லை. மிதவையில் கட்டிய ஏடு மிதவையோடு கரைக்கு வந்துவிடும். பொடி எங்கே வரும்? பொடியானாலும் வெயில் பட்டால் அது சாயத்தை நொறுக்கிக்கொண்டேதான் இருக்கும்.

வெயில் ஏறியது. கரையில் யாரோ அலறினார்கள்.

"ஐயோ, என்ற கயிறு!"

திலோத்தமை குனிந்து பார்த்தாள். கட்டிய கயிறு வெளேரென்று இருந்தது. கரை முழுக்கப் பெண்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் அழவே தொடங்கிவிட்டார்கள்.

அவள் பட்டறைக்கு ஓடினாள். முன்பு சோதனைக்காகச் சாயம் போட்ட துணியெல்லாம் போர்வெல் தண்ணீரில் முக்கி எடுத்தவை. ஆற்றுத் தண்ணீர் இன்றுதான் முதல் தடவை.

குழந்தைவேல் கொடிக்கு முன்னால் சிலையாக நின்றார். வெயில் விழுந்த பக்கமெல்லாம் பால்வெள்ளை. மடிப்பைத் தூக்கினால் உள்ளே மட்டும் சிவப்பு. அந்த மடிப்பும் அவர்கள் கண்ணெதிரே வெளுத்தது. திலோத்தமையால் கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணுக்கே தெரியாத ஏடு, எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது! பூவாத்தா பொடி தூவியதைக் கணவரிடம் சொன்னாள்.

"ஏம்புள்ள, அந்தப் பொடிய ஆத்துல இருந்து அள்ளீர முடியாதா?"

"முடியாதுங்க. ஆய்வகத்துல பிளாட்டினம் வெச்சிருந்தப்போ தரையக் கூட்டுன தூசியக்கூட எடுத்து வெப்போம். ஆத்துல ஒரு பொட்டு விழுந்திருந்தா ஊரே சல்லடையோட எறங்கியிருக்கும். இது மலிவுங்க. அதனால கையில எடுத்த எல்லாரும் போட்டுட்டாங்க."

"அப்போ இந்த ஊருல இனிமேல் சாயமே நிக்காதா?"

அவள் பதில் சொல்வதற்குள் பூவாத்தா மூச்சிரைக்க வந்து நின்றாள், கையில் கிண்ணத்தோடு.

"கவலப்படாத கண்ணு. கயித்துக்கு மறுபடியும் மஞ்சப் பூசிக்கலாம். இப்பத்தான் ஆத்துத் தண்ணியில நல்லாக் கொழச்சுக் கொண்டாந்தேன்."

கிண்ணத்தின் மேல் வெயில் விழுந்தது. மஞ்சள் ஓரத்திலிருந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.