நிறுத்தி வைத்த மெயில்

அனுப்பியவர் என்ற இடத்தில் அவளுடைய முகவரியே இருந்தது. அவள் அனுப்பவில்லை.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கான அந்த மெயில் குழுவை அவள்தான் ஆறு வருடமாக நடத்துகிறாள். சந்தேகமானதை ஸ்பேம் வடிகட்டி நிறுத்தி வைக்கும். அவள் 'அனுமதி' அழுத்தினால் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போகும். 'நிராகரி' என்றால் அதோடு சரி.

'வெளியே நிற்கிறேன். உள்ளே விடு.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. எவனோ வேலை வெட்டி இல்லாதவன் என்று நிராகரித்தாள்.

பிற்பகல் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேஜைமேல் நீட்டிக்கொண்டிருக்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகிக்கொண்டிருக்க, நாள்கணக்கில் காயாமல் மூலையில் கிடந்த ஈரத்துணி போல ஒரு மக்கல் வாடை எங்கிருந்தோ மெல்ல அறைக்குள் வந்தது. அடுத்த மெயிலும் வந்தது.

'கூடத்தில் நிற்கிறேன்.'

கூடத்தில் ஈரக்கால் வைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கதவு உள்தாழ் போட்டபடியே இருந்தது.

திரும்பி வந்து குழுவின் அமைப்புகளைத் திறந்தாள். பதில்கள் அனுப்பியவருக்கு மட்டும் போகட்டும் என்று அவள் வைத்திருந்தது, எல்லோருக்கும் என்று மாறியிருந்தது. பழையபடி மாற்றினாள். கண்ணெதிரே அது திரும்பவும் மாறியது.

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல்னு குழுவுல போட்டேனே, வரவே இல்லையே?"

"நிக்குது. நான் பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. என் பேர்ல மெயில் வந்தா மட்டும் திறக்காதே. சரியா?"

"நீ அனுப்பினா ஏன் திறக்கக் கூடாது?"

"சொன்னா கேளு, குட்டி."

வைத்துவிட்டாள். வாடை இப்போது கழுத்துக்குப் பின்னால் இருந்தது.

'நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறேன். அந்த வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். என்னை அனுப்பிவிடு, உன்னை விட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் இங்கேயே இருப்பேன்.'

திரும்பிப் பார்க்கவில்லை. கோபம்தான் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தொட்டில். அதில் ஒன்று தங்கையுடையது.

"இங்கேயே இரு," என்றாள். "நீ எத்தனை நாள் இருக்கேன்னு பாக்கறேன்."

நிராகரி.

மறுபடி வந்தது.

நிராகரி.

மின்விசிறி நின்றது.

மவுஸ் பிடித்த கைமேல் ஏதோ படிந்தது. குளிர்ச்சி. ஈரம். ஒரு விரல். இரண்டாவது. அவள் விரல்களின் இடுக்குகளில் ஒவ்வொன்றாக இறங்கின. ஐந்தாவது. ஆறாவது. ஏழாவது.

திரையில் அம்புக்குறி 'அனுமதி'யை நோக்கி நகர்ந்தது.

பல்லைக் கடித்து இழுத்தாள். திரும்பியது. ஒரு மயிரிழை தூரம்.

வெயில் சுவரில் ஏறி மறைந்து போயிற்று. அவள் கையை எடுக்கவில்லை.

அதுவும் எடுக்கவில்லை.