குளத்துக்குப் போட்ட மருந்து

தூள் மிதக்கவில்லை. ஆறு வருடமாகக் காலை ஏழு மணிக்குக் குளக்கரையில் நின்று ஆம்புரோஸ் கேப்சூல்களைப் பிரித்துக் கொட்டுகிறார். மஞ்சள் தூள் தண்ணீர்மேல் படர்ந்து, நுரையோடு நுரையாக அரைமணி நேரமாவது சுற்றிக்கொண்டிருக்கும். அன்று கொட்டிய கையை மடக்குவதற்குள் காணவில்லை. அதை யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. மூன்று நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கியவர்.

ஈப்போவில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த கழிவுநீர்க் குளத்துக்கு அவர்தான் காவல். பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், கால் புண்ணுக்குத் தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தூவுவார். மூன்றாம் நாள் ஆறிவிடும். அதனால், தேதி முடிந்த கேப்சூல்களை எரிக்கச் சொல்லி மூட்டை மூட்டையாகக் கொடுத்தபோது, எரிப்பானேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. புண்ணுக்குக் கேட்கிற மருந்து குளத்துக்குக் கேட்காதா? யாருக்கும் தெரியாமல் ஊருக்கே வைத்தியம் பார்க்கிறோம் என்று உள்ளூரப் பெருமை வேறு, பாவம்.

குளத்திலிருந்து வழியும் தண்ணீரில் கங்கோங் கீரை தளதளவென்று வளரும். போன வாரம் அதைப் பறிக்க இறங்கிய அவர் மனைவி எல்ஸியின் பாதத்தைக் கண்ணாடித் துண்டு கிழித்தது. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு மருந்து மாற்றியாயிற்று. அழுகல் முழங்காலைத் தாண்டிவிட்டால் காலை எடுத்தாலும் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பதினோரு மணிக்குப் பரிசோதனைக்கூடத்துக் கார்த்திகேசு கூப்பிட்டான். எல்ஸியின் புண்ணிலிருந்து எடுத்த சீழைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து வைத்திருந்தான். தட்டில் நான்கு சின்னத் தாள் வில்லைகள்.

“ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து இருக்குண்ணே. சுத்திலும் கிருமி செத்து, வட்டமா வெறிச்சோடி இருக்கணும்.”

“செத்திருக்கா தம்பி?”

“இல்லலா. இந்தத் தாளப் பாருங்க. இதச் சுத்தி மட்டும் மத்த எடத்தவிட அடர்த்தியா வளந்திருக்கு. பதினஞ்சு வருசத்துல நான் இப்படிப் பாத்ததில்ல.”

அந்தத் தாளில் எழுதியிருந்த மருந்தின் பெயர் ஆம்புரோஸுக்குத் தெரியும். மூட்டைகளில் அதுதான் அச்சடித்திருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

“மழ வரும் போல இருக்கு,” என்றார்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தார், சோப்பு கரையும்வரை கையைத் தேய்த்தார், மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கே வார்டில் விளக்கு எரிந்தது. வெளியே அப்படி ஒரு மழை, தகரக் கூரையில் விழுந்து பேச்சையெல்லாம் விழுங்கியது. டெட்டால் வாடைக்கு அடியில் குளத்து வாடை வீசியது. தன்மேல்தான் வீசுகிறது என்று சட்டையை முகர்ந்தார். சோப்பு மணம்தான்.

எல்ஸி விழித்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“வலிக்குதா எல்ஸி?”

“வலி விட்டுப்போச்சுங்க. பசிக்குது.”

அவருக்குப் போன உயிர் வந்தது. “ரொட்டி வாங்கியாரவா?”

அவள் தன் கால்பக்கம் பார்த்தாள். “பசி எனக்கு இல்லங்க.”

ஆம்புரோஸ் போர்வையை விலக்கினார். கட்டு அவிழவில்லை. அதன் ஓரத்திலிருந்து மஞ்சள் ஈரம் விரிப்பில் இறங்கியிருந்தது. சரிவுப் பக்கம் போகவில்லை. தலைமாட்டுப் பக்கம். நூல் பிடித்தாற்போல ஒரே கோடு. தொடையோரம். இடுப்போரம். தலையணை. கட்டில் சட்டம். தரை.

கட்டிலை ஒட்டிச் சின்ன மேசை. மேசைமேல், நர்ஸ் வைத்துவிட்டுப் போன கிண்ணம். அதில் ஆறு மணிக்குக் கொடுக்க வேண்டிய கேப்சூல்கள்.

கோடு மேசைக் காலில் மேலே ஏறிக்கொண்டிருந்தது.