அழுக்குப் படியாத பஞ்சு

வடிகட்டியின் மூடியைத் திறந்து உள்ளிருந்த நுரைப்பஞ்சை எடுத்த ரகுபதி, அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையிலிருந்து வாங்கி வந்த நாளில் இருந்ததைப் போலவே அது வெள்ளை வெளேரென்று இருந்தது. எட்டு நாள்களாக மோட்டார் ஓயாமல் ஓடுகிறது. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றோடு வரும் சாம்பல், காலையில் கொடியில் உலர்த்திய வேட்டியை நண்பகலுக்குள் பழுப்பாக்கிவிடும் விம்கோ நகரில், அவர் வீட்டுத் தோட்டத்து மீன்தொட்டியின் நீர் மட்டும் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணிவிடலாம் என்னும்படி தெளிந்திருந்தது.

அப்படியானால் அழுக்கெல்லாம் எங்கே போயிற்று?

அத்தொட்டியை அவர் தம் மனைவி சிவந்திக்காகவே கட்டியிருந்தார். இழுப்பு நோயால் படுக்கையில் விழுந்துவிட்ட அவள், சன்னலுக்கு வெளியே மீன்கள் நீந்துவதைப் பார்த்திருக்கும் பொழுது மட்டும் நெஞ்சின் கரகரப்புத் தணிந்து கண்ணயர்ந்தாள். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் புரட்டாசி அது. வரும் மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ரகுபதி மதிற்சுவரில் படிந்திருந்த சாம்பலை ஒரு கைப்பிடி வழித்து நீரில் தூவினார். அது கரும்புகையெனச் சுழன்று, நூலாக மெலிந்து, மோட்டாரின் வாய்க்குள் இழுபட்டு மறைந்தது. மூடியைத் திறந்தார். பஞ்சு வெண்மையாகவே இருந்தது.

அறைக்குள் சிவந்தி இருமினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தார். அவள் உமிழும் பீங்கான் கிண்ணத்தில் கரிய குழம்பு தேங்கியிருந்தது. அதிலிருந்து பாசியும் அடிச்சேறும் கலந்த குளிர்ந்த வாடை எழுந்தது. ஓரத்தில் ஒரு மீன்செதில் மின்னியது.

"இன்னாய்யா அப்பிடி மொறச்சிப் பாக்குற? சளிதான்" என்றாள் சிவந்தி.

அவர் பார்வை அவள் மார்புக்குத் தாவியது. மோட்டாரின் முனகல் ஏறும்போது அவளது மார்பும் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. தோட்டத்திற்குச் சென்று பிளக்கைப் பிடுங்கினார். முனகல் அடங்கியது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

மார்பு அசையவில்லை. உதடுகள் நீலம் பாரித்தன.

இருமுறை தவறி, மூன்றாம் முறை பிளக்கைச் செருகினார். மோட்டார் உறுமியது. அவள் மூச்சை இழுத்தாள்.

நிறுத்தினால் மூச்சில்லை, ஓடவிட்டாலோ தொட்டியின் அழுக்கு முழுவதும் அவள் நெஞ்சில். அவளைச் சேருமுன் அதைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி ஒன்று வேண்டும். இராயபுரத்தில் பழைய இயந்திரங்கள் விற்கும் மதார் சாகிப்பிடம் அன்று மாலையே போய் நின்றார்.

"ரெண்டாயிரம் லிட்டர் தொட்டிக்கு இம்மாம் பெரிய ஃபில்டரா? இன்னா நைனா வளக்குற, திமிங்கலமா?" என்று சிரித்தார் சாகிப்.

"ஒரு துளி அழுக்கு தாண்டக் கூடாது பாய்."

"அப்போ மோட்டாரு சின்னதா எடு. மணிக்கு ஆயிரம் லிட்டரு தள்ளுனா போதும். உன்னுது வேகமா தள்ளுது, அதான் கலீஜு தங்காம ஓடிப்பூடுது. இந்த டிரம்மப் பாரு. கீய ஜல்லி, நடுவுல கரி, மேல மூணு அடுக்குப் பஞ்சு. இத்தத் தாண்டி ஒண்ணும் போவாது. வாரத்துக்கு ஒரு தபா கய்வு, அவ்ளோதான்."

புதிய மோட்டாரை ஓடவிட்ட பின்னரே பழையதை நிறுத்தினார். மறுநாள் டிரம்மின் பஞ்சு கறுத்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாம் நாள் இருமல் குறைந்தது. நான்காம் நாள் நெஞ்சின் கரகரப்பு அறவே நின்றது. கிண்ணம் காய்ந்து கிடந்தது.

ஐந்தாம் நாள் அவள் காப்பி கேட்கவில்லை. ஆறாம் நாள் 'இன்னாய்யா' என்று ஒரு முறையும் அழைக்கவில்லை. முகம் தெளிந்துகொண்டே வந்தது. கன்னத்தின் உள்ளே பற்களின் வரிசை நிழலாகத் தெரியுமளவு தெளிந்தது.

ஏழாம் நாள், வெயில் சாயும் வேளையில், மோட்டாரை நிறுத்தத் துணியாமல், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரம்மின் மூடியைத் திறந்தார்.

முதல் அடுக்கில் சாம்பல். இரண்டாம் அடுக்கை உயர்த்தினார். மஞ்சளும், தைலமும், முப்பதாண்டுகள் தம் தலையணைக்கு அருகில் நுகர்ந்த வியர்வையும் கலந்து ஆவியாக அவர் முகத்தில் மோதின.

மூன்றாம் அடுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

சிவந்திருந்தது.

ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விரலால் தொட்டார். சுருங்கியது. அதன் ஆயிரம் துளைகளிலிருந்தும் மூச்சுக்காற்று அவர் உள்ளங்கையில் பட்டது. பின்பு டிரம்மிற்குள்ளே இருமல் கேட்டது.

"இன்னாய்யா… இங்க ஒரே இருட்டா கீது."

ரகுபதி மெல்லத் தலையை உயர்த்தினார். சன்னல் கம்பிகளுக்குப் பின்னால், கட்டிலில் கிடந்தது எழுந்து உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தினூடே பின்சுவரின் நாட்காட்டி தெரிந்தது. அவரையே பார்த்தது. இமைக்கவில்லை.

தொட்டி மீனுடையதைப் போல வாய் திறந்தது. மூடியது.

திறந்தது.