ரோட்டார் இல்லாத ஜீப்பு

சாவி சுவரில் ஆணியில் தொங்குகிறது. ரோட்டார் சட்டைப்பையில் இருக்கிறது. அப்புறம் வெளியே ஜீப்பில் செல்ப் அடிப்பது யார்?

பெரியகருப்பன் கடுங்காப்பி டம்ளரைக் கீழே வைத்தான். மத்தியானம் மூன்று மணிதான். ஆனால் போடிமெட்டுக்கு மேலே ஐப்பசியில் மூன்று மணிக்கும் அந்திக்கும் வித்தியாசம் தெரியாது. மேகம் இறங்கி ஏலச்செடிகளை வரிசை வரிசையாக மறைத்துக்கொண்டு காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசல்வரை வந்து நின்றிருந்தது. ஈரச்சாக்கு வாடையும் காய்கிற ஏலக்காயின் வாடையும் கலந்த அந்த வெண்மைக்குள்ளிருந்து கர்ர்ர்... கர்ர்ர்... என்று இழுத்து இழுத்து, கடைசியில் முனகலாகத் தேய்ந்து நின்றது அந்தச் சத்தம். போய்ப் பார்த்தான். ஜீப்பில் யாருமில்லை. பின்சீட்டு மட்டும் நனைந்திருந்தது. படுதா ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கட்டைவிரல் அளவு கறுப்புத் துண்டுதான் ரோட்டார். பானட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நீக்கி அதை உருவிவிட்டால் போதும். எந்தக் கொம்பன் வந்து எந்தச் சாவியைப் போட்டாலும் எஞ்சின் உயிர் பிடிக்காது. எழுபத்தெட்டில் மலைப்பக்கம் நின்ற ஜீப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, பெரியகருப்பன் ஓட்டியது மட்டும் நிறுத்திய இடத்தில் நின்றது. எஸ்டேட் முதலாளியே முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அந்தப் பெருமைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது முதலாளிக்குத் தெரியாது. போன வருஷம் இதே மாதம், ரோட்டாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொந்தச் சோலியாகப் பஸ்சு ஏறிப் போடிக்குப் போய்விட்டான் பெரியகருப்பன். அன்றைக்குப் பார்த்துக் காய் பறிக்கிற முனியாயிக்குப் பேறுகால வலி; பிள்ளை குறுக்கே கிடந்தது. அவள் புருஷன் சின்னச்சாமிக்கு ஓரளவு வண்டி ஓட்டத் தெரியும். அவளைப் பின்சீட்டில் கிடத்தி, ஆணியிலிருந்த சாவியை எடுத்துப் போட்டு, பேட்டரி சாகும்வரை செல்ப் அடித்தானாம். பொழுது சாய்வதற்குள் தாயும் பிள்ளையும் அந்தச் சீட்டிலேயே முடிந்துபோனார்கள். திரும்பி வந்த பெரியகருப்பன், "பேட்டரி படுத்துருச்சு, அதுக்கு நான் என்ன செய்ய?" என்று ஒரே போடாகப் போட்டான். எல்லோரும் நம்பினார்கள். அவன் சட்டைப்பைக்குள் யார் கையை விட்டுப் பார்த்தார்கள்?

"அண்ணே! வெரசா வாங்கண்ணே!"

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் உக்கிரபாண்டி மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் தோளில் சந்திரவல்லி. பெரியகருப்பனின் ஒரே மகள், ஒன்பது வயசு. தீபாவளி லீவுக்கு ராசிங்காபுரத்திலிருந்து முதன்முதலாக நேற்றுத்தான் மலைக்கு வந்தவள்.

"விரியன் கடிச்சிருச்சுண்ணே. காலு வீங்குது பாருங்க."

"ஐயோ, எங்க ஆத்தா!" பெரியகருப்பன் எதிரே ஓடினான். மகளை வாங்கிப் பின்சீட்டில் கிடத்தினான். "நீ பங்களாவுக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போடுறா. நான் இவளைக் கொண்டுக்கிட்டுக் கீழ போறேன்."

உக்கிரபாண்டியின் காலடிச் சத்தம் மேகத்துக்குள் அமிழ்ந்தது. பெரியகருப்பன் சாவியை எடுத்து வந்து பானட்டைத் தூக்கினான். மூடியைக் கழற்றினான். ரோட்டாரை மட்கார்டின்மேல் வைத்துவிட்டு, மூடிக்குள் கோத்திருந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்தான். இரண்டே துடைப்பு.

கையை நீட்டினான். மட்கார்டில் ரோட்டார் இல்லை.

சக்கரத்தடியில் தடவினான். சேறு. எஞ்சினுக்குள் துழாவினான். இல்லை. சட்டைப்பை. இல்லை.

கர்ர்ர்... கர்ர்ர்...

செல்ப் அடித்தது. சாவி அவன் கையில் இருந்தது.

"ஆத்தா... நீயா அடிக்கிற?"

"இல்லப்பா. நான் படுத்திருக்கேன்." குரல் குழறியது. "இந்த அத்தைதான் தலையைத் தாங்கிப் பிடிச்சிருக்காங்க. கை ரொம்பச் சில்லுன்னு இருக்குப்பா."

"எந்த அத்தை?"

 ஏலக்காய் வாடையைத் தள்ளிக்கொண்டு வந்தது ரத்தவாடை.

பின்பக்கம் போனான்.   படுதாவை விலக்கினான்.

முனியாயி உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே சேலை கறுத்து நனைந்திருந்தது. ஒரு தொடையில் சந்திரவல்லியின் தலை. இன்னொரு தொடையில் துணி சுற்றிய, அசையாத, சின்னஞ்சிறு பொதி.

"என் தப்புத்தான் தாயி." பெரியகருப்பன் சேற்றில் மண்டியிட்டான். "பொய் சொல்லிட்டேன். எம்மேலதான் தப்பு. புள்ள என்ன பண்ணுச்சு? அந்த ரோட்டாரைக் குடுத்துரு தாயி."

அவள் உள்ளங்கையை விரித்தாள். ரோட்டார் இருந்தது. அவன் கையை நீட்டினான்.

முனியாயி அதை முந்தானை நுனியில் வைத்தாள். அவசரமில்லாமல் முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சு. பல்லால் கடித்து இறுக்கினாள்.

பிறகு குனிந்து, சந்திரவல்லியின் இமைகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டாள். பிள்ளையின் உதடுகள் இன்னும் அப்பா, அப்பா என்று அசைந்துகொண்டிருந்தன.