பன்னிரண்டு புள்ளி ஏழு

பேட்டரியைக் காலையிலேயே இறக்கியாயிற்று. ஆனாலும் வேனுக்குள் மீட்டர் எரிந்துகொண்டிருந்தது.

ரூபீனா முதலில் அதை வெயில் என்றுதான் நினைத்தாள். அபிராமபுரம் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற வண்டிக்குள் பிற்பகல் வெளிச்சம் சல்லடையாக இறங்கி, மடக்குக் கட்டில், குட்டி அடுப்பு, கணவர் அக்பர் பாஷாவின் சட்டைகள், கொக்கியில் தொங்கிய அவருடைய ஆக்ஸிஜன் மாஸ்க் என்று எல்லாவற்றின் மேலும் அசைந்துகொண்டிருந்தது. சூடேறிய ரப்பர் வாடைக்கும் பழைய அத்தருக்கும் அடியில் அவர் மூச்சின் மருந்து வாசனை இன்னும் இருந்தது. கையால் மறைத்துப் பார்த்தாள். சிவப்பு எண்கள். 10.5 வோல்ட்.

அதற்குக் கீழே போனால் வண்டிக்குள் எல்லாமே நின்றுவிடும்.

கொரோனா தின்றுவிட்ட நுரையீரல். தூங்கும்போது ஆக்ஸிஜன் மெஷின் ஓடியே ஆகவேண்டும். அப்படியும் ஊர் சுற்ற ஆசைப்பட்ட மனுஷர் அவர். அவர் தம்பி ஆதில்தான் வேனை வீடாக்கி ஒயரிங் செய்துகொடுத்தான். "பன்னெண்டுக்குக் கீழே வந்தா பஸ்ஸர் கத்தும் ரூபி. மீட்டரையே பாத்துட்டு உக்காராதே," என்பார் அக்பர். அவள் பார்ப்பாள். செத்த பேட்டரிகூடச் சார்ஜ் ஏற்றிச் சும்மா வைத்திருந்தால் 12.7 என்று நிறைந்ததாகவே காட்டும், பாரம் ஏறினால்தான் மடமடவென்று சரியும் என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் கடைசிப் பயணத்துக்கு முன் ஆதிலிடம் கேட்டாள்.

"புது பேட்டரி பாபி. கண்ண மூடிக்கினு தூங்குங்க."

தூங்கினாள். ஏலகிரியில் விடிந்தபோது மெஷின் நின்றிருந்தது. அவர் கை சில்லிட்டிருந்தது. பஸ்ஸர் கத்தியும் தனக்குக் கேட்கவில்லையோ என்று அன்றிலிருந்து தன்னையே அரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். காலி. அடித்தட்டில் ஆசிட் பூத்த வெள்ளைப் பொடி, சின்னச் சதுரமாக. காலையில் இறக்கிய புது பேட்டரி அகலமானது. மூடி சீல் செய்தது, ஆசிட் கசியவே கசியாது. மீட்டரின் பின்னால் விரல்விட்டுத் துழாவினாள். பஸ்ஸர் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. நுனியில் பச்சை டேப். ஆதில் எப்போதும் ஒட்டும் பச்சை டேப்.

"இன்னா பாபி, துணி இன்னும் எடுக்கலியா? வண்டி வாங்குறவரு வந்துகினு கீறாரு."

ஆதில் உள்ளே ஏறினான். அவள் திரும்பவில்லை.

"அன்னிக்கு ஏலகிரில புது பேட்டரி எங்கே ஆதில்?"

"காலைல உங்க எதுர்லதானே இறக்கினேன்?"

அவள் பச்சை டேப்பைத் தூக்கிக் காட்டினாள். அவன் சிரிப்பு மெல்ல வற்றியது.

"கடை இன்வெர்ட்டர் புட்டுக்கிச்சு பாபி. உங்களுத எடுத்து அதுல மாட்டிக்கினு பழச இதுல வெச்சேன். ரெண்டு நாளுக்குத்தான், அப்பால திரும்ப மாட்டிட்டேன். மீட்டர்ல ஃபுல்லாதான் காட்டுச்சு, சத்தியமா."

"ஒயர்?"

"சும்மா சும்மா கத்திச்சு... பாய் கண்டுபிடிச்சிடுவாருன்னு..."

கதவு சறுக்கி மூடிக்கொண்டது.

புஸ்... டக். புஸ்... டக்.

மெஷினை எப்போதோ பள்ளிவாசலுக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அதே சத்தம். கொக்கியில் தொங்கிய மாஸ்க்கின் உள்பக்கம் பனித்தது. தெளிந்தது. மறுபடி பனித்தது.

ஆதில் இருமினான். கதவை இழுத்தான். வரவில்லை. "பாபி... மூச்சு..."

11.2.

கழுத்தைப் பிடித்துக்கொண்டான். உதடு நீலம் பாய்ந்தது.

11.9.

ரூபீனாவுக்கு மூச்சு முட்டவேயில்லை. கதவின் பிடியை நோக்கிக் கை நீட்டினாள். யாரோ அந்தக் கையைப் பற்றினார்கள். மெல்ல. சில்லென்று. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும்.

12.4.

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

12.7.

ஆதில் கண் திறந்தபடியே கட்டிலில் சாய்ந்திருந்தான். கொக்கியில் மாஸ்க் மட்டும் நிதானமாகப் பனித்துத் தெளிந்துகொண்டிருந்தது, அயர்ந்து தூங்கும் மனிதரின் மூச்சுப்போல.