கண்ணாடி கழற்றிய மழை

"யோவ்... பார்த்து வாய்யா!"

கத்தியது அவள்தான். கத்தி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. எதிரே வந்த சைக்கிளின் கைப்பிடி அவள் கைப்பிடியோடு கொக்கி போட்டுக்கொண்டது. அவள் ஒரு காலை ஊன்றி எப்படியோ சமாளித்துவிட்டாள். அவன்தான் பாவம்... தேங்கிய மழைத்தண்ணீரில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்கு மழையில் சைக்கிள் ஓட்டுவது என்றாலே ஆகாது. ரெயின்கோட் போட்டாலும் கழுத்து வழியாக ஒரு கோடு தண்ணீர் முதுகில் இறங்கியே தீரும். பிரேக் பிடித்தால் பிடிக்காது. போகிற வண்டியெல்லாம் சேற்றை வாரி இவள் மேல்தான் தெளிக்கும். இப்படி நொந்துபோய் வேலைக்குப் போகிறவள் எதிரே, ரெயின்கோட்கூட இல்லாமல், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஒருத்தன் வந்தால் கோபம் வருமா, வராதா?

"சாரிங்க... நீங்க வந்ததை நான் பார்க்கல."

"ஏன், கண்ணை மூடிக்கிட்டா ஓட்டுறீங்க?"

"கண்ணு திறந்துதாங்க இருந்துச்சு. கண்ணாடியத்தான் போடல... பாக்கெட்ல இருக்கு." அவன் சட்டைப் பையைத் தடவினான். பை காலி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய முன்சக்கரத்தின் கீழே கண்ணாடி இரண்டு துண்டாகக் கிடந்தது.

அவள் அதை எடுத்தாள். பழக்க தோஷம்... வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தாள்.

"மைனஸ் மூணாவது இருக்கும். இந்தப் பவரை வச்சுக்கிட்டு, கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு ஓட்டுவீங்களா?"

"மழையில கண்ணாடி போட்டா தண்ணிதாங்க தெரியும். கழட்டினா எல்லாமே தெரியும்... கொஞ்சம் வேற மாதிரி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இமைகளில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். அது அவள் தொழில். ஆனாலும் இந்தக் கண்கள்... சீ, இதென்ன நடுத்தெருவில்?

"திருப்பத்துல கண்ணாடிக் கடை இருக்கு. அங்க வாங்க. நடந்து வாங்க! சைக்கிளைத் தள்ளிக்கிட்டு!"

"அங்க யாரைப் பார்க்கணும்?"

"என்னைத்தான்!"

கடை அவளுடைய சித்தப்பாவுடையது. கண் பரிசோதிக்கிற வேலை அவளுடையது. சித்தப்பா அடுத்ததாக இன்னொரு கடை திறக்கப் போகிறார். அதை அவள் பொறுப்பில் விட அவருக்கு ஆசைதான், தைரியம்தான் வரவில்லை. 'ஒரு கண்ணாடி திரும்பி வந்தாலும் கடை பேரு போச்சு பாப்பா' என்பது காலையில் கதவு திறக்கும்போதும் சாயங்காலம் பூட்டும்போதும் அவர் சொல்லும் வாசகம். அவள் எழுதிக்கொடுத்த கண்ணாடி ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. புதுக் கடையைத் தனியாக நடத்திக் காட்ட வேண்டும் என்ற கனவும் உண்டு.

சொட்டச் சொட்ட வந்து நின்றான் அவன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராம். முதலில் மெஷினுக்கு முன்னால் தாடையை வைக்கச் சொல்லி ஒரு கணக்கு எடுத்தாள். பிறகு இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, வட்ட ஃபிரேமை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுக் காட்டினாள்.

"இது ஒண்ணு... இது ரெண்டு. எது நல்லா இருக்கு?"

"சரியாத் தெரியல... இன்னொரு தடவை காட்டுங்க."

"இது ஒண்ணு... இது ரெண்டு."

"இன்னும் ஒரே ஒரு தடவை..."

இப்படியே போனது. சாதாரணமாக இந்நேரம் அவளுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சலுக்குப் பதிலாக ஒரு கேள்விதான் வந்தது.

"ஆமா... மழையில சைக்கிள் ஓட்டுறதுல அப்படி என்னதான் இருக்கு?"

"கண்ணாடி இல்லாம பார்த்தா கடை விளக்கு, வண்டி விளக்கு எல்லாம் பெரிய பெரிய பூவா விரியும்ங்க. ரோடு பூரா அந்தப் பூ கரைஞ்சு ஓடும்..."

"அது பூ இல்ல சார். உங்க பவர்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். இருட்டில் அவளுக்கும் சிரிப்பு வந்தது. நல்லவேளை, இருட்டு.

"நனையறது?"

"முதல்ல கொஞ்ச நேரம்தான் நனைவோம். அப்புறம் நனையறதுக்கு என்ன பாக்கி இருக்கு? அதுக்கப்புறம்தான் ஜாலியே. நீங்க மழைகிட்ட இருந்து தப்பிச்சு ஓடுறீங்க... அதான் பிடிக்கல."

அவன் சொன்ன பதில்களும் மெஷின் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. அவள் கவனித்தாள். பேனா ஒரு கணம் நின்றது. நிமிர்ந்தால்... அவன் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேனா அவன் சொன்னதையே எழுதிவிட்டது.

கண்ணாடி தயாரானது. அவன் வந்து வாங்கிப் போனான். அதற்கப்புறம் எப்போது தூறல் விழுந்தாலும் அவள் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடை வாசலுக்கு வந்தாள். வந்தவள் ஒரு தடவைகூட ஏமாறவில்லை. மணியை அடித்துக்கொண்டு அவன் போவான். புதுக் கண்ணாடி மூக்கில் இருக்காது, பையில்தான் இருக்கும். 'திருந்தாத ஜென்மம்' என்று திட்டிக்கொண்டே உள்ளே போவாள். திட்டுகிற வாய் சிரித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அவன் மழையில்லாமல் வந்தான். அவனாக வரவில்லை, அவனுடைய அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"என்ன கண்ணாடி குடுத்தீங்க? இதைப் போட்டதுல இருந்து இவன் படிக்கட்டுல தடுக்கித் தடுக்கி விழுறான். போர்டுல வீடு வரைஞ்சா வீடு சாயுதாம். பசங்க சிரிக்கிறாங்க!"

"அக்கா... போகலாம், வா..."

"நீ சும்மா இருடா!"

சித்தப்பா அவனை மெஷின் முன்னால் உட்காரவைத்தார். பார்த்தார். அவர் முகம் மாறியது.

"லென்ஸைத் திருப்பி வைக்கிற கோணமே தப்பு. மெஷின் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு எழுதியிருக்க. என்ன பாப்பா டெஸ்ட் பண்ணின?"

கடையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது... மூடிக்கொண்டது. தலை தரையைப் பார்த்தது.

"புதுக் கடைக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்மா. உனக்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

அவர்கள் போனபின் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள். யோசிக்க யோசிக்க விஷயம் புரிந்தது. அந்த லென்ஸில் அவன் கண்ணுக்கு எழுத்து தெளிந்திருக்காது. அப்படியானால் அவன் சொன்னதெல்லாம் பொய். அவள் வாழ்க்கையோடு விளையாடிவிட்டு, கேட்கும்போது ஊமையாக நின்றுவிட்டான். ஏன்? நான் என்ன கெடுதல் செய்தேன்?

மறுநாள் சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. அவள் வாசலுக்கு வரவில்லை. வரக் கூடாது என்று உள்ளே வீம்பாக ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவன்தான் வந்தான்... சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நடந்து. நேராகச் சித்தப்பாவிடம் போனான். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

"சார்... அவங்க மேல தப்பே இல்ல. டெஸ்ட்ல நான்தான் பொய் சொன்னேன்."

"பொய்யா? கண் டெஸ்ட்ல எவனாவது பொய் சொல்வானா? எதுக்குய்யா?"

"சீக்கிரம் முடிஞ்சிடக் கூடாதுன்னு."

கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஃபிரேமை மூக்கு நுனிக்கு இறக்கி அவனை நன்றாகப் பார்த்தார்.

சித்தப்பா அவள் பக்கம் திரும்பினார். பழி கழிந்தது. பேசாமல் இருந்தாலே போதும், புதுக் கடை அவளுக்குத்தான். ஆனால் நேற்று தலையைக் குனிந்தவன் இன்று இத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நிற்கிறான்... அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"என் மேலயும் தப்பு இருக்கு சித்தப்பா. அவர் சொன்னது மெஷினோட ஒத்துப்போகலன்னு எனக்கு அப்பவே தெரியும். திரும்ப டெஸ்ட் பண்ணியிருக்கணும். பண்ணல."

"ஏன் பண்ணல?"

"அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டிருந்தேன்..." குரல் இறங்கிப்போனது. "வேலைக்காகப் பார்க்கல."

சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

"நல்லா இருக்கு! கண் பார்க்கிற ரூம்ல ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியல... போ, அவருக்குச் சரியா ஒரு கண்ணாடி எழுது. இது திரும்பி வரலன்னா புதுக் கடையைப் பத்திப் பேசலாம். கண்ணாடிதான் திரும்பி வரக் கூடாது, தெரியுதா? ஆள் வரலாம்."

இருட்டறையில் ஃபிரேமைச் சற்று முரட்டுத்தனமாகவே மாட்டினாள்.

"நேத்து ஏன் வாயைத் திறக்கல?"

"பயம்... எல்லாரும் சிரிப்பாங்கன்னு. வீட்டுக்குப் போனதும் என்னையே எனக்குப் பிடிக்கல."

"அது என் வேலைங்க. என் பேரு. விளையாட ஒண்ணும் இல்ல அதுல."

"தெரியும். மன்னிச்சிடுங்க... இனிமே உங்ககிட்ட பொய்யே வராது." அவன் நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதுவும் உண்மைதான்."

அவள் லென்ஸை மாற்றினாள். "ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"இப்ப?"

"ஒண்ணு."

பட்பட்டென்று பதில் வந்தது. சோதனை முடிந்தே போனது. இவ்வளவு சீக்கிரமா என்று அவளுக்கே ஏமாற்றமாக இருந்தது.

அவன் எழுந்தான். "வர்றேங்க... தள்ளிக்கிட்டே போயிடுறேன்."

"இருங்க."

பெட்டியிலிருந்து பிளஸ் மூன்று லென்ஸ் இரண்டை எடுத்து வட்ட ஃபிரேமில் செருகினாள். நல்ல பார்வையை அவனுடைய மைனஸ் மூன்று பார்வையாக மாற்றுகிற லென்ஸ் அது. மாட்டிக்கொண்டு தட்டுத் தடுமாறி வாசலுக்கு வந்தாள்.

அட...

தெரு முழுக்கப் பூத்திருந்தது. எதிர்க்கடை விளக்கு மஞ்சள் பூ. போகிற வண்டிகளுக்குப் பின்னால் சிவப்புப் பூக்கள். ஒவ்வொன்றும் ஈர ரோட்டில் நீண்டு, கலைந்து, மறுபடி கூடியது. தினமும் திட்டிக்கொண்டே தாண்டிப் போன அதே சேற்றுத் தெரு! அவளுக்குக் கண் கலங்கியது... பூக்கள் இன்னும் பெரிதாயின.

"தெரியுதா?" பக்கத்தில் அவன் குரல்.

"தெரியுது..." ஃபிரேமைக் கழற்றினாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. இனிமே கண்ணாடி இல்லாம நீங்க சைக்கிள் ஓட்டக் கூடாது. தலையில முன்பக்கம் நீட்டுன தொப்பி போட்டா கண்ணாடியில தண்ணி படாது."

"அப்ப என் பூவெல்லாம்?"

"என் சைக்கிள்ல பின்னாடி உட்காருங்க. நான் ஓட்டுறேன். நீங்க பூ பாருங்க."

ரெயின்கோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டாள். கழுத்து வழியாக அதே பழைய கோடு முதுகில் இறங்கியது. பிரேக் பிடிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கனத்தான். திருப்பத்தைத் தாண்டுவதற்குள் நனைய எதுவும் பாக்கியில்லை... அப்போதுதான் அவள் தன்னை அறியாமல் மணியை அடித்தாள். யாருமில்லாத ரோட்டில், சும்மா, இன்னொரு தடவை அடித்தாள்.

பின்னாலிருந்து அவன் கேட்டான். "மழையில தனியா ஓட்டினீங்களே, அது ஒண்ணு... இது ரெண்டு. எது நல்லா இருக்கு?"

முகத்தில் வழிந்த மழையைத் துடைக்காமல் அவள் சொன்னாள்.

"சரியாத் தெரியல... இன்னொரு தடவை காட்டுங்க."