அடுத்த நிறுத்தம், மாடி வீடு

"அடுத்த நிறுத்தம், நூலகம். இறங்குபவர்கள்…"

கர்ர்ர்ர்க்!

அம்மா செல்போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாடி வீட்டுக்காரர் மறுபடியும் நாற்காலியை இழுத்துவிட்டார். பதிவு பாழ்.

நகரப் பேருந்துகளில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்ல ஒரு குரல் தேடினார்கள். அம்மாவின் குரல் அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. "ஆனா பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கே. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்புங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போகலாம் என்றால், அங்கே கேட்ட வாடகையில் அப்பாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

அந்த வேலைக்கு அம்மா எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது வாலுவுக்குத் தெரியும். வாலு என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. ஆனால் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

"அம்மா, நான் போர்வைக்குள்ள இருந்தா நீ திட்டுறது பாதிதான் கேட்கும்" என்றாள் வாலு.

"ஓகோ! அதனாலதான் காலையில எழுந்திருக்கிறதே இல்லையா?"

"அதில்லைம்மா! மத்த சத்தமும் அப்படித்தானே குறையும்?"

வீட்டிலிருந்த போர்வைகளை எல்லாம் எடுத்துச் சாப்பாட்டு மேசையின் மேல் நாலு பக்கமும் தொங்கும்படி போட்டாள். அம்மா தவழ்ந்து உள்ளே போனாள். குரல் கணீரென்று பதிவானது. ஆனால் பின்னால் மின்விசிறி இரைந்தது. அதை நிறுத்தினால் கடிகாரம். கடிகாரத்தைத் தலையணைகளுக்கு நடுவே புதைத்தால் ஒழுகும் குழாய்.

வாலு குழாயின் வாயில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கியது.

"அப்படியே என் மூளை!" என்றார் அப்பா.

"இருந்ததை அவளுக்குக் கொடுத்துட்டீங்க போல" என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

பதில் சொல்ல வாயைத் திறந்த அப்பா தும்மிவிட்டார். அது சாதாரணத் தும்மல் அல்ல. தெருக்கோடியில் படுத்திருந்த நாய் எழுந்து நின்றது.

கர்ர்ர்ர்க்! மேலே நாற்காலி.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!" அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"நீங்க சண்டை போட்டா அதுவும் பதிவாயிடும்பா. நானே போறேன்."

ஜோடி தொலைந்த சாக்ஸ் நான்கை எடுத்துக்கொண்டு வாலு மாடிக்கு ஓடினாள். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கதவைத் திறந்தார்.

"தாத்தா, உங்க நாற்காலிக்கு சாக்ஸ் போட்டுவிடட்டுமா?"

அவர் சாக்ஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், அதுக்குக் குளிருதா?"

வாலு விஷயத்தைச் சொன்னாள்.

"அடக் கடவுளே! நான் என்ன ஆசைப்பட்டா இழுக்கிறேன்? இந்தப் பக்கம் உட்கார்ந்தா கீழே உங்கப்பா தும்முறார். பயந்துபோய் அந்தப் பக்கம் போறேன். அங்கே போனா நீ கதவை டமால்னு சாத்துற. திரும்பவும் இந்தப் பக்கம் வர்றேன். ஒரு குறுக்கெழுத்துப் புதிரை முழுசா முடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

வாலுவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் தொல்லை மேலேயிருந்து வருகிறது என்றல்லவா நினைத்திருந்தார்கள்!

"இனிமே மெதுவா சாத்துறேன் தாத்தா" என்று சொல்லி, நாற்காலியின் நான்கு கால்களுக்கும் சாக்ஸ் மாட்டிவிட்டாள்.

கீழே வந்து நடந்ததைச் சொன்னதும், "நானா? நான் எங்கே சத்தமா தும்மினேன்?" என்று அப்பா கத்தினார்.

வாலு அவர் கையில் ஒரு தலையணையைக் கொடுத்தாள். கதவின் ஓரத்தில் பழைய துணியை மடித்துச் செருகினாள். அம்மா மறுபடி தொடங்கினாள்.

"அடுத்த நிறுத்தம், நூலகம்…"

அப்பாவின் மூக்கு துடித்தது. முகம் சிவந்தது. வாலு தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். அப்பா தலையணைக்குள் முகத்தைப் புதைத்தார். பூனைக்குட்டி கொட்டாவி விட்ட அளவுக்குத்தான் கேட்டது. அம்மா நிறுத்தாமல் கடைசி நிறுத்தம் வரை படித்து அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா. வேலை உங்களுக்குத்தான். எந்த ஸ்டுடியோவில பதிவு பண்ணீங்க?"

"சாப்பாட்டு மேசைக்கு அடியில சார்" என்றாள் அம்மா.

போனை வைத்ததுதான் தாமதம், மூன்று பேரும் வீடே அதிரும்படி கத்தினார்கள். அப்பா வாலுவைத் தூக்கிச் சுற்றினார். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வாத்தியார்!

அப்பா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார். இவளுக்கு வேலை கிடைச்சிடுச்சு, அந்தச் சந்தோஷத்துல…"

"கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு தாத்தா!" என்று குதித்தாள் வாலு.

"அப்புறம் எதுக்கு இப்படி முணுமுணுக்கிறீங்க?" என்ற வாத்தியார், இரண்டு விரல்களை வாயில் வைத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு விசில் அடித்தார்.